வெளிநாட்டு அநாதை இல்லத்தில் ஆறு வாரத் தொண்டு: போகலாமா?

கேள்வி: உளவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். வேலையில் சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று, நேபாளத்தில் பொக்காராவில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு வாரம் தன்னார்வலராக இருக்க ஓர் ஏஜென்சி மூலம் பதிவு செய்து, முன்பணமும் கட்டிவிட்டேன். என் தோழி முன்பு கம்போடியாவில் இதேபோல் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாள். "முதல் நாளே ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். கிளம்பும்போது அத்தனை பேரும் அழுதார்கள். அவர்களுக்கு நாம் தேவை" என்கிறாள். என் அண்ணனோ, இது அந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் என்று படித்ததாகச் சொல்லித் தடுக்கிறான். அன்பு காட்டப் போவதில் என்ன கெடுதல் வந்துவிடும்? நான் போகலாமா? வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

போக வேண்டாம். பயணத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்த மூன்று மாதத்தை யாருக்காவது பயன்படும்படி செலவழிக்க நினைத்தீர்களே, அந்த எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. அது தப்பான இடத்தில் போய் விழக்கூடாது என்பதற்காகத்தான், குழந்தைப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தோழி சொன்னதையே எடுத்துக்கொள்வோம். முதல் நாளே மடியில் ஏறிக்கொண்டார்கள் என்கிறார். வீட்டில் வளரும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அம்மா முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். அவள் சிரித்தால் ஓரடி எடுத்து வைக்கும், இல்லையென்றால் மறுபடி ஒளிந்துகொள்ளும். அந்தக் கூச்சம் நல்ல அறிகுறி. தனக்கென்று ஒருவர் இருக்கிறார், ஏதாவது என்றால் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ளலாம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. இல்லத்தில் பல வருடம் இருந்த ஒரு சிறுமியை நான் பார்த்தேன். நான் உட்கார்ந்த உடனே மடியில் ஏறினாள். கைக்கடிகாரத்தைத் திருகினாள், கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தாள், கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கதவு திறந்து இன்னொருவர் உள்ளே வந்தார். சட்டென்று இறங்கி அவர் மடிக்குப் போய்விட்டாள். அவ்வளவு நேரத்தில் என் முகத்தை அவள் ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இதைப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஓடி வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மனநலக் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறியாதவரிடம் ஒரு தயக்கமும் இல்லாமல் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவரின் பராமரிப்பு கிடைக்காமல் வளர்ந்த குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுகிற ஒன்று. உங்கள் தோழிக்கு அன்பாகத் தெரிந்ததை எங்கள் துறையில் ஒரு காயத்தின் அடையாளமாகப் பார்க்கிறோம். நீங்கள் எவ்வளவு பாசத்தோடு போனாலும், ஆறு வாரத்தில் கிளம்பப் போகிறவர் என்பதால் அந்தக் காயத்தை ஆற்ற உங்களால் முடியாது. அதை இன்னும் கொஞ்சம் கீறிவிட்டுத்தான் வர முடியும்.

ருமேனியாவின் கதை இதற்குப் பெரிய ஆதாரம். 1989-இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். 2000-இல் சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் பிணைப்பு கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைகளின் நிலையை மாற்றியது, தினமும் காலையில் கண் விழித்தால் அதே முகம் அங்கே இருந்ததுதான்.

இப்போது உங்கள் ஆறு வாரத்தைக் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். முதல் வாரம் பெயர் பழகும். மூன்றாவது வாரம் எந்தக் குழந்தைக்கு இருட்டு பயம், எது ராத்திரி படுக்கையை நனைக்கும் என்று உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாவது வாரம் அவற்றில் ஒன்று உங்களுடைய ஆளாகவே ஆகிவிடும், நீங்கள் ஊட்டினால்தான் சாப்பிடும். ஆறாவது வாரம் நீங்கள் பெட்டி கட்டுவீர்கள். நீங்கள் காலி செய்த கட்டிலுக்கு அடுத்த தன்னார்வலர் வந்துவிடுவார். ஒரு வருடத்தில் இப்படி எட்டு, ஒன்பது பேர் வந்து போனால், பத்து வயதுக்குள் அந்தக் குழந்தை எத்தனை பேரை இழந்திருக்கும்? "நீங்க எப்போ போவீங்க?" என்று முதல் நாளே கேட்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் குறும்புக்குக் கேட்பதில்லை. இவரிடம் எவ்வளவு ஒட்டலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இன்னும் சிலர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள், அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இது ஒரு பாதி. அடுத்த பாதி பணம் சம்பந்தப்பட்டது, அது இன்னும் கசப்பானது.

அநாதை இல்லம் என்று பலகை மாட்டிய இடத்தில் இருக்கும் குழந்தைகளுக்குத் தாய் தகப்பன் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உலக அளவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இலேயே எழுதியது. பிறகு ஏன் அங்கே இருக்கிறார்கள்? வறுமை, ஊரில் பள்ளிக்கூடம் இல்லாதது, குழந்தையின் உடல் ஊனம், பெற்றோரின் நோய், மறுமணம், இப்படிப் பல காரணங்கள். "படிக்க வைக்கிறோம், மூன்று வேளை சோறு போடுகிறோம்" என்று யாராவது வந்து சொன்னால், பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறார்கள்.

உங்கள் தோழி போன கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த வருடங்களில் அங்கே போர் நடக்கவில்லை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வரத்துதான் மளமளவென்று கூடிக்கொண்டிருந்தது. இல்லத்தைப் பார்க்க வருகிறவர்கள் நன்கொடை தருகிறார்கள், தன்னார்வலர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், அதனால் இல்லம் நடத்துவது வருமானம் தரும் வேலையாகிறது. வருமானம் தொடர வேண்டுமென்றால் கட்டில்கள் காலியாக இருக்கக் கூடாது. அதற்காகக் கிராமங்களுக்கு ஆள் போகிறது. 2011-இல் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, யுனிசெஃப் ஆதரவோடு, அங்கே ஒரு விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்தியது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைகள் நிற்க, சுற்றி நின்று பயணிகள் படம் எடுப்பது போன்ற சுவரொட்டி அது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்பது அதன் வாசகம்.

நீங்கள் போக நினைத்த நேபாளத்தின் நிலைமையைக் கேளுங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரின்போது, ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காட்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம், சண்டையிலிருந்து பிள்ளை தப்பிக்கும் என்றார்கள். பெற்றோர்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் போய்ச் சேர்ந்த இடம் இல்லங்கள். பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய்க் காகிதங்கள் தயாராயின. யார் கேட்டாலும் அப்பா அம்மா இல்லை என்று சொல்லச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். மலையில் ஒரு தாய் பிள்ளையிடமிருந்து சேதி வருமா என்று காத்திருக்க, நகரத்தில் அதே பிள்ளை வெளிநாட்டு விருந்தினர் முன்னால் அநாதையாக நின்று பாட்டுப் பாடியது. போர் முடிந்தும் இந்த வியாபாரம் முடியவில்லை. நேபாளத்தில் பதிவு பெற்ற இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், காஸ்கி ஆகிய ஐந்து மாவட்டங்களில்தான் இருக்கின்றன. பொக்காரா இருப்பது காஸ்கியில். பயணிகள் அதிகம் வரும் இடங்களும் இவைதான். குழந்தைகள் அதிகம் கைவிடப்படுவது இந்த ஊர்களில்தான் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

நீங்கள் பதிவு செய்த இல்லம் மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை, அதைப் பற்றி எனக்குத் தெரியாது. நேர்மையாக, உயிரைக் கொடுத்து உழைக்கும் ஆயாக்களும் மேற்பார்வையாளர்களும் பல இல்லங்களில் இருக்கிறார்கள். உண்மையிலேயே யாரும் இல்லாத குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல இல்லமாக இருக்க இருக்க, உங்களைப் போல் ஆறு வாரத்துக்கு வருகிறவரைக் குழந்தைகளுடன் விடத் தயங்குவார்கள். இதுதான் என் அனுபவம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குழந்தைகள் காப்பகத்துக்கு, அங்கே பேசும் மொழி தெரியாத ஒரு வெளிநாட்டவர் வந்து, ஆறு வாரம் குழந்தைகளைக் குளிப்பாட்டி, தூங்கவைத்து, பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், கட்டணமும் தருகிறேன் என்றால் விடுவார்களா? உங்கள் சொந்தக் குழந்தை அங்கே இருந்தால் நீங்கள் விடுவீர்களா? ஏஜென்சி உங்களிடம் காவல்துறைச் சான்றிதழ் கேட்டதா? நேர்காணல் நடத்தியதா? கட்டணம் கட்டிய ரசீது ஒன்றே போதும் என்றால், உங்களை உள்ளே விடுகிற அதே கதவு வழியாகக் குழந்தைகளைச் சீரழிக்க நினைப்பவனும் உள்ளே போகலாம். அப்படிப் போயிருக்கிறார்கள், பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. விசாவையும் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் சம்பளம் இல்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்பது நேபாள விதி. "விமான நிலையத்தில் சும்மா டூரிஸ்ட் என்று சொல்லிவிடுங்கள்" என்று ஏஜென்சி சொல்லியிருந்தால், அந்த ஒரு வரியிலேயே அவர்கள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் அண்ணன் எங்கோ படித்தது வெறும் ஒரு தரப்பின் கருத்தும் இல்லை. குடும்பமே முதல் இடம், இல்லம் கடைசி வழி என்ற நிலைப்பாட்டை ஐ.நா. பொதுச்சபை 2009-இல், பெற்றோரால் வளர்க்க முடியாத குழந்தைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு பற்றிய வழிகாட்டு நெறிகளில் ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் அதே சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், சுற்றுலாவை ஒட்டி நடக்கும் அநாதை இல்லத் தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்றது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் நவீன அடிமைமுறை பற்றி விசாரித்தபோது, இப்படி இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதில் சேர்த்துப் பேசியது. ருவாண்டா 2012 முதல் தன் இல்லங்களிலிருந்து குழந்தைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் வேலையில் இறங்கியது. ருமேனியாவும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பதற்கு 2004 சட்டத்தில் தடை போட்டது.

"சரி, எல்லோரும் போகாமல் நின்றுவிட்டால் இப்போது உள்ளே இருக்கும் குழந்தைகள் என்ன ஆவார்கள்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உதவியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை, அது போகும் திசையை மாற்றச் சொல்கிறேன். தான்சானியாவின் ககேரா பகுதியில் பழைய உலக வங்கி ஆய்வு ஒன்று, இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு வளர்ப்புக் குடும்பத்தில் ஆகும் செலவைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று கண்டது. ஒரு பாட்டிக்கோ அத்தைக்கோ மாதாமாதம் சிறு தொகையும் பள்ளிக் கட்டணமும் கிடைத்தால், குழந்தை ஊரை விட்டே வர வேண்டியதில்லை. குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, குழந்தையை மெதுவாகப் பழக்கிச் சேர்த்துவைத்து, அதற்குப் பிறகும் போய்ப் பார்த்து வரும் அமைப்புகள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்பவர்கள் அந்த ஊர் சமூகப் பணியாளர்கள், மொழி தெரிந்தவர்கள், அடுத்த வருடமும் அங்கேயே இருப்பவர்கள். உங்கள் டிக்கெட் காசு அவர்களில் ஒருவருடைய பல மாதச் சம்பளமாக இருக்கலாம்.

உங்கள் படிப்பு வீணாகும் என்றும் நினைக்க வேண்டாம். குழந்தைகளை நேரடியாகக் கவனிப்பதை விட்டுவிட்டு, கவனிப்பவர்களுக்குத் துணையாக இருக்கலாம். பராமரிப்பாளர்களுக்கான பயிற்சிக் குறிப்புகளைத் திருத்துவது, தூங்காத குழந்தை, அடிக்கிற குழந்தை, பேசாத குழந்தை பற்றிப் பெரியவர்களோடு இணைய வழியில் ஆலோசிப்பது, ஒவ்வொரு குழந்தையைப் பற்றிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, நன்கொடை விண்ணப்பம் எழுதுவது என்று எத்தனையோ இருக்கின்றன. புதிதாகப் படித்து வந்தவர் என்பதால் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். குழந்தைகளோடுதான் பழக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், நீங்கள் இருக்கும் ஊரிலேயே, வேலையில் சேர்ந்த பிறகும் தொடரக்கூடிய ஒன்றாகப் பாருங்கள். பள்ளி முடிந்த பிறகு பாடம் சொல்லிக்கொடுப்பது, வளர்ப்புக் குடும்பங்களுக்கு ஓய்வு கிடைக்க உதவுவது போன்றவை. வாரம் ஒரு மாலை போதும், ஆனால் இரண்டு மூன்று வருடமாவது தவறாமல் போக முடியுமா என்று கேட்டுக்கொண்டு பிறகு வாக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை வருவேன் என்று சொன்னவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவதுதான் ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம்.

நேபாளத்தைப் பார்க்க ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள், பயணியாகப் போங்கள். இல்லங்களுக்கு ஒரு மணி நேரம் "சும்மா பார்க்க" கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். அங்கே எந்தக் குழந்தையோடும் எடுத்த படத்தை இணையத்தில் போடாதீர்கள். "அநாதை" என்ற தலைப்போடு ஒரு முகம் இணையத்தில் ஏறிவிட்டால், அந்தக் குழந்தைக்கு இருபது வயதாகி வேலை தேடும்போதும் அது அங்கேயே இருக்கும். உங்கள் தோழியிடம் படங்கள் இருந்தால், இதைச் சொல்லி எடுக்கச் சொல்லலாம். அவரைக் குற்றம் சாட்டாமல் சொல்லுங்கள், அவரும் நல்லது செய்யத்தான் போனார்.

கடைசியாக, முன்பணம். திருப்பிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ரத்து விதி என்ன என்று பார்த்து எழுத்திலேயே கேளுங்கள். முழுதாகக் கிடைக்காமல் போகலாம், கட்டியாயிற்றே என்பதற்காக மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அதே கடிதத்தில் நான்கு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இல்லத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? குழந்தைகளோடு வேலை செய்ய வருபவர்களின் பின்னணியை யார், எப்படிச் சரிபார்க்கிறார்கள்? நான் கட்டும் கட்டணத்தில் இல்லத்துக்குப் போவது எவ்வளவு? கேள்விகளுக்குப் பதில் வராமல் போனாலும் கடிதம் அங்கே போய்ச் சேரட்டும். பயணம் ரத்தாவதற்கு இதுதான் காரணம் என்று பதிவு செய்தவர்களே எழுதத் தொடங்கியபோது சில பெரிய நிறுவனங்கள் இல்லத் திட்டங்களைக் கைவிட்டு, வேறு வேலைகளுக்கு மாறியிருக்கின்றன.